சுளுக்கு இல்லை அம்மணி, நாண் அறுந்திருக்கிறது

கேள்வி: ஐயா, நாங்கள் சோமனூர் பக்கம் எட்டுத் தறி வைத்து ஓட்டுகிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 42. நாலு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறார். மூன்று மாதச் சராசரி 7.6. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டில் விளையாடும்போது பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ‘பட்’டென்று சத்தம் கேட்டதாகக் கூட விளையாடியவரும் சொன்னார். சுளுக்கு என்று நினைத்து இரண்டு நாள் எண்ணெய் போட்டு வழித்தோம். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆறாம் நாள் எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வலது குதிங்கால் நரம்பு 4 செ.மீ. மேலே அறுந்து 2 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறது, கிழித்துத் தைக்க வேண்டும் என்றார். இன்னொரு டாக்டர் சின்னத் துளை வழியாகவே தைக்கலாம் என்கிறார். மாமனார், மாவுக்கட்டு போட்டாலே சேர்ந்துவிடும் என்கிறார். எட்டு நாள் ஆகிவிட்டது. எது சரி? எப்போது தறிக்குப் போவார்? ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாமா? பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்க (தீ மிதிக்க) வேண்டுதல் இருக்கிறது, முடியுமா? மூன்று வாரம் முன்பு சிறுநீர்த் தொற்றுக்கு லீவோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிட்டார். மருந்துக்கடைத் தம்பி அதைக் கேட்டதும் முகம் சுளித்தார். அதனால் இருக்குமா?
– ஒரு சகோதரி, சோமனூர்

பதில்: அம்மணி, எட்டு நாள் என்று படித்ததுமே மனசு பதறிவிட்டது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாக எழுதி அனுப்பினேன்: இனி அந்தக் காலை யாரும் வழிக்கக் கூடாது, ஊன்றக் கூடாது, இந்த வாரமே முடிவெடுங்கள் என்று. ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே கதையோடு வருகிறவர்களில் பலர் உங்களைவிட ரொம்பத் தாமதமாக வருகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் குதிங்கால் நரம்பு என்போம். அது நரம்பு இல்லை, நாண். கெண்டைக்கால் சதை இரண்டும் கீழே வந்து ஒன்றாகத் திரண்டு, சுமார் 15 செ.மீ. நீளத்துக்குக் கயிறாக இறங்கிக் குதிகால் எலும்பில் பிடிக்கிறது. டாக்டர்கள் அக்கிலிஸ் என்று சொல்வது இதைத்தான். உடம்பிலேயே தடிமனான, பலமான நாண் இதுதான். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு இழுவையைத் தாங்கும். ஆனால் குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. வரைக்கும் இருக்கிற பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. உங்கள் வீட்டுக்காரருக்கு அறுந்திருப்பது சரியாக அந்த இடத்தில். வாரம் முழுக்கத் தறிக்குடோனில் நின்றுவிட்டு, ஞாயிறு ஒரு நாள் மட்டும் திடீரென்று உந்திப் பாய்கிற நாற்பது வயதுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பின்னால் யாரோ உதைத்தார்கள் என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு வரியிலேயே எனக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. நாண் அறுந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். சிலர் கூட விளையாடியவரோடு சண்டைக்கே போயிருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாணைக் காட்டாது. நாண் அறுந்த பிறகும் அவரால் பாதத்தைக் கீழே கொஞ்சம் அழுத்த முடிந்திருக்கும், நொண்டிக்கொண்டு நடக்கவும் முடிந்திருக்கும். பக்கத்தில் இருக்கிற சின்ன நாண்கள் அந்த வேலையைச் செய்து ஏமாற்றிவிடும். இதனால்தான் முதல் தடவை பார்க்கும்போது நாலைந்து பேரில் ஒருவருக்கு இது தவறிப்போகிறது. இத்தனைக்கும் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி வைப்போம். நல்ல காலின் கெண்டைச் சதையைக் கையால் பிசைந்தால் பாதம் தானாகக் கீழே ஒரு ஆட்டம் ஆடும். அறுந்த காலில் எத்தனை பிசைந்தாலும் பாதம் அசையாமல் அப்படியே தொங்கும். தாம்ஸன் சோதனை என்று பெயர். குதிங்காலுக்கு மேலே விரலை வைத்து மெதுவாக நகர்த்தினால், ஒரு இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கும். ‘சுளுக்கு’ என்று உங்கள் சொந்தத்தில் இனி யாராவது படுத்தால், வழிப்பதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, உள்ளே என்ன ஆகியிருக்கிறது? உங்களுக்குத் தறி தெரியும் என்பதால் எளிதாகச் சொல்லிவிடலாம். பாவில் ஒரு கொத்து இழை ஒரே நேரத்தில் அறுந்தால் முனைகள் எப்படிப் பிசிறுபிசிறாக நிற்குமோ, அப்படித்தான் நாணின் இரண்டு முனையும் நிற்கும். மேல் முனையைக் கெண்டைச் சதை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு வாரம் அந்த முனைகள் மிருதுவாக, இழுத்தால் வருகிற மாதிரி இருக்கும். நாலு வாரம், ஆறு வாரம் போனால் இடைவெளியில் தழும்புச் சதை நிரம்பிவிடும், மேல் தசையும் சுருங்கிவிடும். அப்போது நேராக இழுத்துத் தைக்க முடியாமல், கால் கட்டைவிரலை மடக்குகிற நாணை எடுத்து மாற்றி வைக்க வேண்டி வரும். பெரிய ஆபரேஷன் அது. நான் அவசரப்படுத்தியதற்கு இதுதான் காரணம்.

மாமனார் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆபரேஷன் இல்லாமலும் இது சேரும். 2022-ல் நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 554 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் இல்லாமலும், ஒரு பிரிவுக்குக் கிழித்தும், இன்னொரு பிரிவுக்குச் சின்னத் துளை வழியாகவும் வைத்தியம் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, கடைசிக் கணக்கில் வந்த 526 பேரைப் பார்த்தபோது நடப்பது, வேலை செய்வது எல்லாம் மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் மறுபடி அறுந்தது ஆபரேஷன் செய்யாதவர்களில் 6.2 சதவீதம், ஆபரேஷன் செய்த இரண்டு பிரிவிலும் 0.6 சதவீதம். நரம்பு பாதிப்பு (நாண் இல்லை, நிஜமான நரம்பு) சின்னத் துளைப் பிரிவில் 5.2 சதவீதம், கிழித்தவர்களில் 2.8, ஆபரேஷன் இல்லாதவர்களில் 0.6.

மாமனாரிடம் ஒன்றை மட்டும் விளக்கிச் சொல்லுங்கள். அந்த ஆராய்ச்சியில் ஆபரேஷன் இல்லாமல் குணமானவர்கள், அடிபட்ட சில நாட்களுக்குள்ளேயே பாதத்தின் நுனியைக் கீழே நீட்டிக் கட்டியவர்கள். நம் பக்கம் போடுகிற சாதாரண மாவுக்கட்டு பாதத்தைத் தரைக்கு நேராக, எல் எழுத்து மாதிரி வைத்துப் போடுவது. அப்படிப் போட்டால் இரண்டு முனையும் விலகியே இருக்கும், நாண் நீளமாகச் சேரும். சேர்ந்தும் பயன் இருக்காது. உங்கள் வீட்டுக்காரருக்கு எட்டு நாள் ஆகிவிட்டது, நடுவில் இரண்டு நாள் வழித்தும் இருக்கிறீர்கள். ஸ்கேன் எடுத்தபோது பாதத்தைக் கீழே நீட்டச் சொல்லிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நீட்டினால் இரண்டு முனையும் வந்து ஒட்டுகிறது என்றால் கட்டு வைத்தியம் யோசிக்கத் தக்கது. நீட்டியும் இடைவெளி நிற்கிறது என்றால் தைப்பதுதான் என் கருத்து.

இனி துளையா, கிழிப்பதா என்ற கேள்வி. கிழித்துச் செய்யும்போது 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்குத் தோலைத் திறப்போம். எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும், நிதானமாகத் தைக்கலாம். ஆனால் குதிங்காலுக்குப் பின்னால் தோலைத் தொட்டுப் பாருங்கள். தோல், அதற்குக் கீழே நேராக நாண். நடுவில் சதையே கிடையாது. அந்த இடத்தில் நீளமான காயம் ஆறுவதற்குச் சிரமப்படும், சர்க்கரை இருந்தால் இன்னும் சிரமம். புண் பிரிந்து சீழ் வைத்துவிட்டால் அதை ஆற்றுவது நாணைத் தைப்பதைவிடப் பெரிய பாடு. சின்னத் துளை முறை வந்ததற்கு முக்கியக் காரணமே இந்தத் தோல்தான்.

துளை என்று சொன்னாலும் நிஜத்தில் 2 முதல் 3 செ.மீ. வெட்டு ஒன்று இருக்கும், பள்ளம் தட்டுகிற இடத்துக்கு நேராக. முதுகில் ஊசி போட்டு, குப்புறப் படுக்க வைத்துச் செய்வோம். அந்த வெட்டு வழியாக நாணைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையைத் திறந்தால், அறுந்த மேல் முனை தெரியும். அதைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டே, கவட்டை மாதிரி இருக்கிற ஒரு கருவியை உறைக்குள் விடுவோம். கருவியின் உள் கவை இரண்டும் நாணின் இரு பக்கமும் போய் உட்காரும், வெளிக் கவை இரண்டும் தோலுக்கு வெளியே நிற்கும். எல்லாக் கவையிலும் நேருக்கு நேர் ஓட்டைகள். வெளி ஓட்டையில் நுழைகிற ஊசி தோலைத் துளைத்து, உள் ஓட்டை வழியாக நாணைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் வெளியே வரும். இப்படி மூன்று நூல். அப்புறம் கருவியைக் கீழே உருவினால், தோலுக்கு வெளியே இருந்த நூல்கள் எல்லாம் உள்ளே வந்து, அந்தச் சின்ன வெட்டின் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். இப்போது நூல் நாணை மட்டும் பிடித்திருக்கிறது, தோலையும் மற்றதையும் விட்டுவிட்டது. கீழ் முனைக்கும் அதே மாதிரி. பிறகு பாதத்தைக் கீழே நீட்டி வைத்து, மேல் நூலையும் கீழ் நூலையும் முடிச்சுப் போடுவோம்.

இதில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். காலின் வெளிப்பக்கமாகச் சூரல் என்று ஒரு தொடு உணர்ச்சி நரம்பு இறங்கி வருகிறது. குதிகாலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே அது நாணின் வெளி ஓரத்தைக் குறுக்கே கடக்கும். பார்க்காமல் விடுகிற ஊசி அதைக் குத்தலாம், நூல் அதைப் பிடித்துக் கட்டலாம். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப் போகும், சிலருக்கு எரிச்சல் இருக்கும். நடக்கிற பலம் குறையாது. அந்த 5.2 சதவீதம் இதுதான். கருவியை உறைக்குள் சரியாகச் செலுத்தினால் இந்த ஆபத்து குறையும், அதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

முடிச்சுப் போடும் அந்த இழுவையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டாக்டராகி ஐந்தாறு வருடம் ஆன சமயம், லாரி ஓட்டுகிறவர் ஒருவருக்கு நான் தைத்தேன். புண் அழகாக ஆறியது. நாணும் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்து வந்து, ‘நடக்கறேனுங்க, ஆனா வண்டியில ஏறும்போது அந்தக் காலை ஊனி உந்த முடியலீங்க’ என்றார். இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது. நான் போட்ட முடிச்சு தொய்வாக இருந்திருக்கிறது, நாண் ஒரு விரல் அகலம் நீண்டுவிட்டது. பாவில் ஒரு பக்கம் தொய்ந்தால் துணியில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நல்ல காலையும் கழுவித் துடைத்து, துணி போட்டு மூடாமல் பக்கத்திலேயே வைத்திருப்பேன். முழங்காலை மடக்கி, நல்ல பாதம் எந்த அளவுக்குத் தொங்குகிறதோ அதைவிட இந்தப் பாதம் ஒரு துளி கூடுதலாகக் கீழே நிற்கிற வரைக்கும் முடிச்சை இறுக்குவேன்.

ஆக, உங்கள் வீட்டுக்காரரின் வயது, சர்க்கரை, நின்று நடந்து செய்யும் வேலை, அறுந்த இடம் எல்லாவற்றையும் பார்த்தால் சின்ன வெட்டு முறையே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொன்ன டாக்டரிடம் போய், இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், இழுவை சரிதானா என்று எப்படிப் பார்ப்பீர்கள், அதற்குப் பிறகு பிசியோதெரபி யார் பார்ப்பார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு இந்த முறை புதிது, முதல் டாக்டர் பல வருடமாகக் கிழித்துச் செய்து நன்றாக ஆற்றுகிறவர் என்றால், யோசிக்காமல் முதல் டாக்டரிடமே போங்கள். பழகாத கையின் சின்ன வெட்டைவிடப் பழகிய கையின் பெரிய வெட்டு மேல். செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், கோவை அரசு மருத்துவமனையிலும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய் இதற்குச் செல்லுமா என்று முதலிலேயே விசாரியுங்கள். சர்க்கரை 7.6 என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அன்றைக்கும் அடுத்த மூன்று வாரமும் அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்க வேண்டும்.

ஆபரேஷன் ஒரு மணி நேர வேலை. வேலை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பாதத்தைக் கீழே நீட்டிக் கட்டியிருப்பார்கள், காலைத் தலையணை மேல் உயரமாக வைத்துப் படுக்க வேண்டும். தையல் பிரித்ததும், குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்த பூட்ஸ் ஒன்றைப் போட்டு, தாங்குகட்டையோடு மெல்ல ஊன்ற விடுவார்கள். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு ஆப்பாக எடுத்துக்கொண்டே வந்து, எட்டு வாரம் வாக்கில் பூட்ஸைக் கழற்றலாம். இந்தச் சமயத்தில் பாதத்தை மேல்நோக்கி வளைத்து நீட்டி விடுவதுதான் பெரிய தப்பு. ‘இறுக்கமா இருக்குது, கொஞ்சம் இழுத்து விடறேன்’ என்று யார் வந்தாலும் விடாதீர்கள். அந்த இறுக்கம்தான் நமக்கு வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு நேரெதிரான விஷயம் ஒன்று உண்டு, கழிப்பறை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் நாண் முழு நீளத்துக்கு இழுபடும். நாலு மாதமாவது மேல்நாட்டுக் கழிப்பறை வேண்டும். இல்லை என்றால் ஓட்டை போட்ட நாற்காலி வாங்கி மேலே வையுங்கள். மறுபடி அறுவது முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம், வழுக்குவதுதான் பெரும்பாலும் காரணம். தறிக்குடோன் தரையில் எண்ணெய்யும் பஞ்சும் சேர்ந்து கிடக்குமே, அந்தத் தரைக்குப் பூட்ஸோடு போகவே கூடாது. மூன்றாம் வாரத்திலிருந்து உட்கார்ந்து நூல் தார் சுற்றலாம், கணக்குப் பார்க்கலாம். தறிகளுக்கு நடுவே நடப்பது மூன்று மாதத்துக்குப் பிறகு. முழு ஷிப்ட் நிற்பது நாலு மாதம், பாவு பீம் தூக்குவது ஆறு மாதம். வலது கால் என்பதால் வண்டியின் கிக்கரை உதைக்கிற ஆசையும் அதுவரை வேண்டாம். ஷட்டில் வேண்டுமென்றால், அந்த ஒற்றைக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க முடிகிற வரை காத்திருக்கட்டும். ஆறு மாதமும் ஆகலாம், ஒன்பது மாதமும் ஆகலாம். கெண்டைச் சதை ஒரு வருடம் ஆனாலும் கொஞ்சம் மெலிந்தே இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், அல்லது நெஞ்சு பிடித்து மூச்சு வாங்கினால், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். நடு ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ எழுதிக் கொடுத்தால் ஒரு வேளை கூடத் தவறக் கூடாது.

மருந்துக்கடைத் தம்பி முகம் சுளித்ததில் அர்த்தம் இருக்கிறது, அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே பெட்டி போட்டு எச்சரித்தது. இவருக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மட்டுமே போதுமான காரணம். எழுதிக் கொடுத்த டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன், தேவையான இடத்தில் உயிர் காக்கிற மருந்து அது. ஆனால் இனி எந்த டாக்டரிடம் போனாலும் ‘எனக்குக் குதிங்கால் நாண் அறுந்திருக்கிறது’ என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைச் சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.

ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஆட்டின் கால் நேராக அவர் காலுக்குப் போய்ச் சேராது. புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையும் கொள்ளுப்பருப்பும் மீனும் அந்த வேலையைச் செய்யும். பத்தியம் என்று சொல்லிக் கறியையும் முட்டையையும் நிறுத்துவதுதான் கெடுதல்.

குண்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டுதல் எத்தனை பெரிது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் இறங்கியிருக்கிறார்கள். இந்தப் பங்குனிக்குள் நாண் ஓட்டத்தைத் தாங்குகிற பலத்துக்கு வந்திருக்காது. வெறுங்காலோடு கூட்டத்தில் மணிக்கணக்கில் நின்று, கடைசியில் அந்தப் பாதத்தை உந்தி ஓட வேண்டும். சர்க்கரை இருக்கிற பாதத்தில் சூடு பட்டாலும் புண் சீக்கிரம் ஆறாது. அம்மன் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வாள். இந்த வருடம் நீங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அடுத்த பங்குனிக்கு முன்னால் அவரை என்னிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

தையல் பிரிக்கிற அன்று அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இரண்டு பாதமும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எது எவ்வளவு தொங்குகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.